ஈயம் பீய்ச்சிய புராணம்

உருகிய உலோகத்தை அச்சுக்குள் அடித்து வார்க்கும் டை காஸ்டிங் மெஷின் விற்கிறவரிடம் போய் உட்கார்ந்தால், டீ வருவதற்கு முன்னால் ஒரு அட்டவணை வரும். இந்தப் பக்கம் ஹாட் சேம்பர், அந்தப் பக்கம் கோல்ட் சேம்பர். வேகம், அழுத்தம், டன், விலை எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்தால், ஆதியில் முனிவர்கள் கூடி யாகம் வளர்த்து, உலோகங்களை அழைத்து, “நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ” என்று பிரித்துவிட்ட மாதிரி இருக்கும்.

முனிவர் யாரும் கிடையாது. அவசரக்காரர்கள் சிலர், கடன்காரர்கள் சிலர், சலவைத் தொழிலுக்குப் பத்திரிகை நடத்தியவர்கள், ஜனவரிக் கணக்குக்குப் பயந்த வாடிக்கையாளர்கள். இவர்கள்தான் இந்தத் துறையின் ரிஷிகள். மிச்சத்தை உலோகங்கள் பார்த்துக்கொண்டன. எந்த உலோகம் இரும்பைத் தின்னும், எது தின்னாது என்று தெரிந்துவிட்டால் அந்த அட்டவணையை விற்பனையாளர் இல்லாமல் நாமே எழுதிவிடலாம்.

முதல் மெஷின், ஒரு மனிதனின் தோள்பட்டை. 1450 வாக்கில் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் குட்டன்பர்க் என்ற பொற்கொல்லர் வேலை தெரிந்த மனிதர், கடன் வாங்கி அச்செழுத்து வார்க்க ஆரம்பித்தார். (கடன் கொடுத்தவர் பிறகு வழக்குப் போட்டுப் பட்டறையையே எடுத்துக்கொண்டது வேறு கதை. தொழில் முனைவோர் மாநாடுகளில் குட்டன்பர்க்கைப் புகழும்போது இதை விட்டுவிடுவார்கள்.) ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் கலந்து உருக்கி, கைக்குள் அடங்கும் ஓர் அச்சுப்பெட்டிக்குள் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். ஊற்றினால் மட்டும் போதாது. உருகிய ஈயம் சோம்பேறி. எழுத்தின் கொம்புக்கும் சுழிக்கும் அது தானாகப் போகாது. அதனால் வார்க்கிறவர் ஊற்றிய அதே நொடியில் பெட்டியை மேலே வெடுக்கென்று தூக்கி ஓர் உதறு உதறுவார். அந்த உதறலில் ஈயம் மூலைமுடுக்கெல்லாம் பாயும். பிரஷர் டை காஸ்டிங்கின் முதல் பிரஷர் அதுதான். அடுத்த சுமார் நானூறு வருஷத்துக்கு உலகத்தின் அறிவு முழுவதும் இப்படி உதறி உதறித்தான் அச்சேறியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே என்ன பூஜை நடக்கிறது என்று நினைத்தார்களோ!

இந்த உதறலில் நமக்கும் பங்கு உண்டு. 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள். அந்த எழுத்துகளை வைத்துத்தான் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பதினாறே பக்கம். அப்புறம் தரங்கம்பாடிக்கு 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலேறி வந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம் என்று சொல்லத் தோன்றும் அளவுக்குப் பெரிசு. பைபிளை இந்த எழுத்தில் அடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? எழுத்தைச் சின்னதாக வார்க்கலாம் என்றால் ஈயத்துக்கு எங்கே போவது? பாதிரிமார்களுக்கு லண்டனிலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்துகொண்டிருந்தது. அந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்கிறது மிஷன் வரலாறு. 1714-இல் அச்சேறத் தொடங்கிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு சிற்றுண்டியும் இருந்திருக்கிறது. கழிவுப் பொருளை மறுசுழற்சி செய்தோம் என்று இன்றைக்கு நிறுவனங்கள் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கின்றன. தரங்கம்பாடியில் சீஸைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

தோள்பட்டைக்கு ஓய்வு கொடுத்தவர் நியூயார்க்கில் எழுத்து வார்க்கும் குடும்பத்தில் பிறந்த டேவிட் புரூஸ் ஜூனியர். அப்பா தொழிலில் பிள்ளைக்கு வேலை செய்யச் சோம்பலாக இருந்தால் சில சமயம் நாட்டுக்கு நல்லது. 1838-இல் அவர் காப்புரிமை வாங்கிய மெஷினில், ஈயக் கொப்பரைக்குள்ளேயே ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அச்சு ஆடிக்கொண்டே வந்து பம்பின் மூக்கில் வாயை வைக்கும். பம்ப் ஒரு அடி அடிக்கும். அச்சு பின்னால் ஆடிப்போய், திறந்து, எழுத்தைத் துப்பும். உதறல் இயந்திரமாயிற்று. 1849-இல் ஸ்டர்ஜிஸ் என்பவரும் இதே மாதிரி ஒரு கைமெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாடப்புத்தகங்கள் டை காஸ்டிங் வரலாற்றைப் பெரும்பாலும் அவரிலிருந்து தொடங்கும். புரூஸ் பாவம், எழுத்துக்காரர் என்று ஓரங்கட்டப்பட்டார்.

நம் தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உருளையும் பிஸ்டனும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. மேலே நின்று அடித்தால் தண்ணீர் வருகிறது. ஹாட் சேம்பர் மெஷின் என்பது இவ்வளவுதான். தண்ணீருக்குப் பதில் உருகிய உலோகம், குழாய்க்குப் பதில் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த ஒரு இரும்புக் குழல். அதைப் பட்டறையில் கூஸ்நெக் என்பார்கள். பம்ப் எப்போதும் உலோகத்தில் ஊறிக் கிடப்பதால் மொண்டு ஊற்ற ஆள் வேண்டாம். அடி, திற, துப்பு, மூடு, மறுபடி அடி. சின்னச் சாமான் என்றால் மணிக்குப் பல நூறு.

இதில் ஒரு சின்ன நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உள்ளே கிடக்கும் உலோகம் இரும்புப் பம்பைத் தின்னக்கூடாது. ஈயத்துக்கு இரும்பில் ருசி கிடையாது. ஆகவே அந்த நிபந்தனை யார் கண்ணிலும் படவில்லை. எழுபது, எண்பது வருஷம் ஈயத்தோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்திவிட்டு, எல்லா உலோகமும் இப்படித்தான் என்று நம்பிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஓட்மார் மெர்கன்தாலர். ஜெர்மனியில் கடிகார வேலை கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்து, பால்டிமோரில் லைனோடைப் என்ற ராட்சசனை உருவாக்கியவர். 1886 ஜூலையில் ‘நியூயார்க் டிரிப்யூன்’ அதை ஓட்டிப் பார்த்தது. தட்டச்சுப் பலகையில் தட்டினால் எழுத்துகளின் பித்தளை அச்சுகள் சறுக்கிக்கொண்டு வந்து வரிசை கட்டும். முழு வரியும் சேர்ந்ததும் பின்னால் இருக்கும் கொப்பரையிலிருந்து பிளஞ்சர் என்ற பிஸ்டன் ஈயத்தை அடிக்கும். ஒரு வரி ஒரே கட்டியாகச் சூடாக வந்து விழும். அச்சுகளின் வரிசையில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் ஈயம் அந்த வழியாகப் பீய்ச்சி இயக்குகிறவரின் கால்மேல் தெளிக்கும். பத்திரிகை உலகம் சூடான செய்தி என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சமாவது உண்மை இருந்த காலம் அதுதான். மெர்கன்தாலர் காசநோயில் 1899-இல் தம் 45-ஆவது வயதில் இறந்தார்.

இதே காலத்தில் மார்க் ட்வைன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். இளமையில் அச்சுக்கோத்த கை அவருடையது. அச்சுக்கோக்கும் மெஷின் வந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று சரியாகக் கணித்தார். பணத்தைத் தவறான மெஷினில் போட்டார். ஜேம்ஸ் பேஜ் என்பவரின் மெஷின் அது. சுமார் 18,000 உதிரிபாகம். ஏற்கெனவே வார்த்து வைத்த எழுத்துகளை இயந்திரக் கையால் பொறுக்கி, அடுக்கி, அச்சானதும் திரும்ப அந்தந்த அறைக்கே கொண்டுபோய்ப் போடும். ஓடியபோது தெய்விகமாக ஓடியதாம். ஓடியது எப்போதாவது. ட்வைன் கிட்டத்தட்ட மூன்று லட்சம் டாலரை அதில் கொட்டி, 1894-இல் திவாலானார். மெர்கன்தாலர் செய்ததோ ஒரே ஒரு சோம்பேறித்தனம். பழைய எழுத்தை எதற்குப் பொறுக்க வேண்டும்? உருக்கி ஊற்று, வேலை முடிந்ததும் மறுபடி கொப்பரைக்குள் எறி. பொறுக்குவதைவிட வார்ப்பது மலிவு என்ற இந்த ஒரு வரிக்கு அமெரிக்க இலக்கியம் கொடுத்த விலை மூன்று லட்சம். ட்வைன் அப்புறம் கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அந்த வகையில் இந்தியாவுக்குக்கூட வந்து பேசிவிட்டுப் போனார்.

1893-இல் சிகாகோவில் பிரம்மாண்டமான உலகக் கண்காட்சி. லைனோடைப்பையும் வைத்திருந்தார்கள். அதைப் பார்க்க வந்த கூட்டத்தில் டவ்ஸ்ட் சகோதரர்களில் ஒருவரும் இருந்தார். சலவைக் கடைக்காரர்களுக்காகப் பத்திரிகை நடத்திய குடும்பம் அது. ஆயிரம் பேர் அந்த மெஷினைப் பார்த்து, “அடடா, அறிவு பரவப்போகிறது” என்று நெகிழ்ந்திருப்பார்கள். டவ்ஸ்ட் மட்டும், “இதில் சட்டைப் பொத்தான் வார்க்கலாமே” என்று நினைத்தார். இந்தத் துறைக்கே வழிகாட்டிய சிந்தனை அது என்பது என் கட்சி. பொத்தான் வார்த்தார்கள், சலவைக் கடைகளுக்கு விளம்பரப் பொருளாகக் குட்டி இஸ்திரிப்பெட்டி வார்த்தார்கள், பிறகு குட்டிக் கார். அதுதான் டூட்ஸிடாய். பின்னாளில் மோனோபொலி விளையாட்டில் காயாக வந்த இஸ்திரிப்பெட்டியும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

அதே 1893-இல், நியூயார்க் மாநிலத்தில் சின்ன ஊர்ப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஹெர்பர்ட் ஃப்ராங்க்ளின், வார்க்கும் மெஷினுக்கான காப்புரிமையை வேறொருவரிடம் வாங்கி சிரக்யூஸ் நகரத்தில் கம்பெனி தொடங்கினார். டை காஸ்டிங் என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர். எழுத்து வார்த்த தொழில் இப்படித்தான் இன்ஜின் பேரிங் வார்க்கும் தொழிலாக ஆனது. கையில் காசு புரண்டதும் அவர் செய்த காரியம், கார் தயாரித்தது. அதுவும் தண்ணீரே இல்லாமல் காற்றில் குளிரும் கார். 1934-இல் அந்தக் கம்பெனி திவாலானது. கவனித்துக்கொண்டு வருகிறீர்கள் அல்லவா? குட்டன்பர்க்கில் தொடங்கி இந்தத் தொழிலில் உலோகம் உருகுவதற்கும் சொத்து உருகுவதற்கும் ஒரே வெப்பநிலைதான்.

ஈயம் கனம், பலமும் கிடையாது. எனவே துத்தநாகத்திடம் போனார்கள். துத்தநாகம் சுமார் 400 டிகிரியில் ஊற்றலாம், மெல்லிய சுவராக ஓடும், பளபளவென்று முலாம் ஏற்கும். கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, பொம்மை ரயில் என்று கொண்டாட்டமாக வார்த்தார்கள். சில வருஷம் கழித்து அலமாரியைத் திறந்தால் பொம்மை வீங்கியிருந்தது. பிறகு வெடித்தது. பிறகு உதிர்ந்தது. லிவர்பூலில் தயாரான ஹார்ன்பி ரயில்களும், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்க்கி கார்களும் இப்படியே பல ஊர்களில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தபடி சாகின்றன. காரணம் ஈயம்தான். துத்தநாகத்தில் ஈயம் லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டினாலே, ஈரமும் சூடும் சேரும்போது உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கிவிடும். நானூறு வருஷம் உழைத்த பெரியவரை ஓய்வு பெறச் சொன்னதற்கு அவர் காட்டிய மரியாதை இது.

நியூஜெர்சி ஜிங்க் என்ற கம்பெனி பொறுமையாக உட்கார்ந்து 99.99 சதவீதத் துத்தநாகம் காய்ச்சக் கற்றுக்கொண்டு, 1929-இல் ஜமாக் என்ற கலவையைக் கொண்டுவந்தது. அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம். ஏன் அலுமினியம்? பலத்துக்கும்தான், கூடவே, சுத்தத் துத்தநாகத்துக்கு இரும்பைக் கொறிக்கும் பழக்கம் உண்டு, 4 சதவீத அலுமினியம் சேர்த்தால் அது வாயை மூடிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து வரும் வில்லன் அலுமினியமேதான்.

1886-க்குப் பிறகு மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை வந்து விலை சரிந்தது. லேசான உலோகம், துருப்பிடிக்காது, எல்லாருக்கும் வேண்டும். எடு நம்ம பழைய ஹாட் சேம்பரை, போடு அலுமினியத்தை என்றார்கள். அப்போது ஏதோ ஒரு பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும்.

“முதலாளி, கூஸ்நெக்ல ஓட்டை.”

“போன வாரந்தானேய்யா புதுசு போட்டோம்?”

“ஆமா முதலாளி. அதுலதான் ஓட்டை.”

“இரும்பு உருக 1,538 டிகிரி வேணும். நாம 700 டிகிரிகூட வைக்கலையே?”

“உருகலை முதலாளி. கரைஞ்சிடுச்சு.”

விஷயம் அதுதான். உருகிய அலுமினியத்தில் இரும்பு கரையும். உருகுநிலையெல்லாம் அலுமினியம் கேட்பதில்லை. பம்பைத் தின்றது, பிளஞ்சரைத் தின்றது, தின்றதைப் பொருளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து அதையும் நொறுங்க வைத்தது. உடனே யாராவது வேறு மெஷின் யோசித்தார்களா? இல்லை. மூழ்கிய பம்பை எடுத்துவிட்டு, கூஸ்நெக்கை உலோகத்தில் முக்கி நிரப்பி, மேலே தூக்கி, அழுத்தக் காற்றை விட்டு ஊதினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அலுமினியம் இப்படித்தான் வார்க்கப்பட்டது. காற்றால் ஊதினால் உள்ளே காற்றுதான் போகும். வெளியே பார்க்க மொழுமொழுவென்று, உள்ளே வெட்டிப் பார்த்தால் குமிழி குமிழியாக. கூஸ்நெக் இரும்போ வழக்கம்போலத் தின்னப்பட்டுக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு வேகம் குறைந்தது, அவ்வளவுதான்.

1920-களில் ப்ராக் நகரத்து இன்ஜினியர் யோசஃப் போலாக், பம்பைக் கிணற்றிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். உலோகம் ஒரு உலையில் தனியாகக் கொதிக்கட்டும். வேண்டிய அளவு கரண்டியால் மொண்டு வந்து, வெளியே இருக்கும் உருளையில் ஊற்று, உடனே அடி, உடனே காலி. இரும்பும் அலுமினியமும் சந்திப்பது சில நொடிதான். தின்ன நேரம் கொடுக்காமல் பந்தியிலிருந்து எழுப்பிவிடும் தந்திரம். இவ்வளவு எளிய யோசனைக்கு ஏன் அத்தனை வருஷம் ஆயிற்று என்றால், கரண்டியை ஒழிக்கத்தானே புரூஸ் காலத்திலிருந்து பாடுபட்டார்கள்? மறுபடி கரண்டியா என்று தன்மானம் தடுத்திருக்கும்.

போலாக்கின் மெஷின் நட்டுக்குத்தலாக நிற்கும். மேலிருந்து ஒரு பிளஞ்சர் இறங்கும். கீழே இன்னொரு சின்னப் பிளஞ்சர் அச்சுக்குப் போகும் துவாரத்தை அடைத்துக்கொண்டு காவல் இருக்கும். அழுத்தம் வந்ததும் காவல் விலகும், உலோகம் பாயும், பிறகு காவல்காரர் மேலே வந்து மிச்சக் கட்டியைத் தள்ளி வெளியேற்றுவார். பித்தளையைக் கூழ்ப்பதத்தில் அமுக்கவும் இது தோதாக இருந்தது. அழகான யோசனை. ஆனால் பின்னால் வந்தவர்கள் உருளையைப் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரே பிளஞ்சர், குறைந்த சிக்கல், அதிக வேகம். இன்றைக்கு கோல்ட் சேம்பர் என்றால் பெரும்பாலும் படுத்த மெஷின்தான். மிச்சக் கட்டிக்குப் பட்டறையில் பிஸ்கட் என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். கோல்ட் சேம்பர் என்ற பெயரையும் நம்ப வேண்டாம். அந்த உருளை உலைக்குள் ஊறவில்லை என்பதுதான் அதிலுள்ள ஒரே குளிர்ச்சி.

படுத்த உருளையில் பாதிதான் உலோகம் இருக்கும், மேலே காற்று. ஆரம்பத்திலேயே வேகமாக அடித்தால் அலை எழும்பிக் காற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் பிளஞ்சர் முதலில் மாப்பிள்ளை ஊர்வலமாக நகரும். உலோகம் வாசலுக்கு வந்ததும் பாய்ச்சல். கண் இமைப்பதற்குள் அச்சு நிரம்பிவிடும். மூன்றாவதாக, உறையும்போது சுருங்கும் இடத்தை நிரப்ப ஒரு கடைசி நெரி. இந்த நெரியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோ, 1,000 கிலோ என்று போகும். ஹாட் சேம்பருக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. ஒரு ஏ4 தாள் அளவுக்குப் பொருள் இருந்தால், 600 கிலோ கணக்கில் அது அச்சின் இரு பாதிகளையும் சுமார் 370 டன் விசையோடு பிளக்கப் பார்க்கும். மெஷின் அதைவிடப் பலமாகக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். 400 டன் மெஷின், 800 டன் மெஷின் என்பதெல்லாம் இந்தப் பிடியின் கணக்கு. பிடி தளர்ந்தால் இடுக்கில் உலோகம் பீறிடும். லைனோடைப்காரர் காலில் ஈயம் தெளித்த அதே சமாசாரம், நூறு மடங்கு கோபத்தோடு.

கோல்ட் சேம்பரின் வேகம் குறைவு, அச்சுக்கு ஆயுளும் குறைவு. துத்தநாகம் வார்க்கும் அச்சு பத்து லட்சம் ஷாட் வரை தாங்கும் என்றால், அலுமினிய அச்சு ஒரு லட்சம், ஒன்றரை லட்சத்தில் முகமெல்லாம் வெடிப்போடு ஓய்வு கேட்கும். அச்சும் இரும்புதானே, அலுமினியம் அதில் ஒட்டிக்கொண்டு பிய்க்கப் பார்க்காதா? பார்க்கும். அதற்கு வைத்தியம், அலுமினியக் கலவையில் முன்கூட்டியே ஒரு சதவீதம் வாக்கில் இரும்பு சேர்த்துவிடுவது. விருந்துக்குப் போகும் பெரிய சாப்பாட்டு ராமனுக்கு வீட்டிலேயே பாதி வயிறு நிரப்பி அனுப்பும் ராஜதந்திரம்.

இத்தனையும் படித்துவிட்டுத் துத்தநாகம் என்றால் ஹாட், அலுமினியம் என்றால் கோல்ட் என்று மனப்பாடம் செய்துகொண்டால் பரீட்சையில் மாட்டிக்கொள்வீர்கள். துத்தநாகத்தில் 8 சதவீதம் அலுமினியம் உள்ள கலவை ஹாட் சேம்பரில் ஓடும். அதுவே 12, 27 சதவீதம் என்று ஏறினால் பம்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். கோல்ட் சேம்பருக்குக் கிளம்ப வேண்டியதுதான். நாலு சதவீதத்தில் வாய்ப்பூட்டாக வந்தவர், பன்னிரண்டில் பல்லைக் காட்டுகிறார்.

மக்னீசியம் இரண்டு கட்சியிலும் உறுப்பினர். அலுமினியம் உருகும் அதே சூட்டில்தான் உருகும். ஆனால் இரும்பைத் தொடாது. ஆகவே சின்னச் சாமானுக்கு ஹாட், பெரிய சாமானுக்கு கோல்ட். இவ்வளவு நல்லவருக்கு ஒரே குறை, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சந்தோஷமாக எரியும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜின் உறையும் கியர்பாக்ஸ் உறையும் மக்னீசியம். ஒரு காலத்தில் உலக மக்னீசியச் சந்தையே அந்த வண்டுக் காரை நம்பித்தான் இருந்தது. தீப்பிடிக்காமல் இருக்க உலையின்மேல் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவைப் போர்த்தினார்கள். அற்புதமான போர்வை. பிறகுதான் தெரிந்தது, புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 23,000 மடங்குக்கு மேல் கெட்டிக்காரன் என்று. ஒரு கொப்பரையைக் காப்பாற்ற பூமியைக் கொப்பரையாக்கும் ஏற்பாடு.

அழுத்தமே வேண்டாம், தன் எடையில் தானே இறங்கட்டும் என்று ஊற்றும் கிராவிட்டிக்காரர்களும், அடியிலிருந்து மெதுவாக ஏற்றி அலாய் வீல் வார்க்கும் லோ பிரஷர்காரர்களும் தனிச் சாதி. பொருளில் குமிழி இல்லை என்ற கர்வம் அவர்களுக்கு. நியாயமான கர்வம்தான். ஒரு சக்கரம் உறைவதற்குள் பிரஷர்காரர் பல ஷாட் அடித்துவிட்டு டீக்குப் போய்விடுவார், அதைச் சொன்னால் கோபம் வரும்.

மெஷின் நன்றாக வேலை செய்தும் மனிதன் எப்படிக் கெடுப்பான் என்பதற்கு அமெரிக்கா 1970-இல் ஓர் உதாரணம் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வேகா கார். இன்ஜின் பிளாக் முழுவதையும் சிலிக்கன் மிகுந்த அலுமினியத்தில், மசீனா என்ற ஊரில், டை காஸ்டிங்கிலேயே வார்த்தார்கள். உருளைக்குள் இரும்பு உறைகூடக் கிடையாது. அந்தக் காலத்துக்கு அசாத்திய சாதனை. வார்த்து முடித்துவிட்டு, லேசான அந்த அலுமினியப் பிளாக்கின் தலையில் கனத்த வார்ப்பிரும்பு மூடியைத் தூக்கி வைத்தார்கள். உலகமெல்லாம் அப்போது இரும்புப் பிளாக், அலுமினிய மூடி என்று போய்க்கொண்டிருந்தது. வேகா சூடேறியது, எண்ணெய் குடித்தது, பெயர் கெட்டது. பழி மட்டும் அலுமினிய வார்ப்புமேல்.

பெரியவர்கள் இப்படிச் சொதப்பிக்கொண்டிருக்க, பொம்மைக்காரர்கள் சத்தமில்லாமல் முன்னேறியிருந்தார்கள். 1947-இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் (உறவு கிடையாது) பாழடைந்த ஒரு மதுக்கடையில் டை காஸ்டிங் மெஷினைப் போட்டு லெஸ்னி என்று கம்பெனி தொடங்கினார்கள். தொழிற்சாலைகளுக்குச் சில்லறைச் சாமான் வார்த்தார்கள். வருஷக் கடைசியில் திடீரென்று ஆர்டர் வற்றிவிடும். ஜனவரி முதல் தேதி கையிருப்புக்கு வரி என்பதால், டிசம்பரில் எந்த வாடிக்கையாளரும் சரக்கு வாங்க மாட்டார். மெஷின் சும்மா நிற்கக்கூடாதே என்று பொம்மை வார்த்தார்கள். 1953-இல் எலிசபெத் ராணி முடிசூட்டிக்கொண்டபோது அவர்களுடைய குட்டித் தங்க ரதம் பத்து லட்சத்துக்குமேல் விற்றது. கூட்டாளி ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுவரலாம் என்று ஒரு சட்டம். அப்பா ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டி அளவுக்கு வார்த்துக் கொடுத்தார். மேட்ச்பாக்ஸ் கார்கள் பிறந்தது அந்த டீச்சரின் கண்டிப்பில். வரித்துறையும் ஒரு டீச்சரும் செய்ததில் பாதியைக்கூட எந்த மேலாண்மை ஆலோசகரும் இந்தத் தொழிலுக்குச் செய்யவில்லை.

பிறகு பொம்மைத் தொழில் ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1979-இல் எல்.கே. என்ற மெஷின் கம்பெனி தொடங்கியது. 2008-இல் அது, இத்தாலியின் ப்ரெஷாவில் 1946 முதல் மெஷின் செய்துவந்த இட்ராவை வாங்கியது. பத்து வருஷம் கழித்து ஈலான் மஸ்க், தம் மேஜையிலிருந்த பொம்மைக் காரைத் திருப்பிப் பார்த்து, அடிப்பாகம் ஒரே வார்ப்பாக இருப்பதைக் கண்டு, நிஜக் காரை ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. ஆறு கம்பெனிகளைக் கேட்டார்களாம். ஐந்து பேர் முடியாது என்றார்கள். ஒருவர் முடியலாம் என்றார். முடியலாம் என்று சொன்னது இட்ரா. விளைவு, கிகா பிரஸ்: சுமார் 6,000 டன் பிடி, 400 டன்னுக்குமேல் உடம்பு, ஒரு ஷாட்டுக்கு 80 கிலோ வாக்கில் அலுமினியம். காரின் பின்பக்கத்தில் சுமார் 70 துண்டுகளைப் பற்றவைத்த இடத்தில் இப்போது ஒரே வார்ப்பு. சைபர்டிரக்குக்கு 9,000 டன். சந்தேகமே வேண்டாம், எல்லாம் கோல்ட் சேம்பர்தான். 80 கிலோ அலுமினியத்தை ஊறவைத்தால் எந்தப் பம்ப் மிஞ்சும்?

இன்றைக்குத் தொழில் கண்காட்சிகளில் கிகா பிரஸ் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் செல்ஃபி எடுக்கிறது. பக்கத்து ஸ்டாலில் ஆள் உயரம்கூட இல்லாத ஹாட் சேம்பர் மெஷின் ஒன்று, யாரும் திரும்பிப் பார்க்காமல், டக் டக்கென்று ஜமாக்கில் ஜிப் தலைகளைத் துப்பிக்கொண்டிருக்கும். செல்ஃபி எடுப்பவர்களின் பேண்ட்டை அந்தச் சமயத்தில் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.